சிரியஸின் செத்த துணை: கனம் கூடினால் ஆயுள் ஏன் குறைகிறது?

மார்கழி, தை மாதங்களில் இரவு ஒன்பது மணி வாக்கில் தென்கிழக்கு வானத்தைப் பார்ப்பவர்கள் சிரியஸைத் தவறவிட முடியாது. இரவு வானத்து நட்சத்திரங்களில் அதை மிஞ்சும் பிரகாசம் வேறெதற்கும் இல்லை. தொலைவு 8.6 ஒளியாண்டுகள், நட்சத்திரக் கணக்கில் இது மிக அருகில்தான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் அங்கே இருப்பவை இரண்டு. 1844-இல் ஜெர்மன் வானியலாளர் ஃபிரெட்ரிக் பெஸல், சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் லேசாக நெளிந்து போவதைக் கவனித்தார். கண்ணில் படாத துணை ஒன்று அதை இழுக்கிறது என்றார். 1862 ஜனவரியில் அமெரிக்க லென்ஸ் தயாரிப்பாளர் ஆல்வன் கிரஹாம் கிளார்க் புதிதாகத் தீட்டிய ஒரு லென்ஸைச் சோதித்துப் பார்த்தபோது, அந்தத் துணை மங்கிய புள்ளியாக அகப்பட்டது. பெரியதற்கு சிரியஸ் ஏ, சின்னதற்கு சிரியஸ் பி என்று பெயர்.

இந்த 'பி' விசித்திரமான ஆள். நிறை ஏறக்குறைய சூரியன் அளவு. உருவமோ பூமி அளவு. எரிபொருள் தீர்ந்து, உள்ளே அணுக்கரு இணைவு எதுவும் நடக்காமல், பழைய சூட்டை மட்டும் வெளியே விட்டு ஆறிக்கொண்டிருக்கும் வெண்குள்ளன் அது. செத்த நட்சத்திரம் என்றே சொல்லலாம். பக்கத்தில் சிரியஸ் ஏ சூரியனைப் போல் இரு மடங்கு நிறையுடன், இன்னும் பாதி ஆயுள்கூட முடியாமல், சூரியனைப் போல் 25 மடங்கு ஒளியை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறது.

கனமான நட்சத்திரம் சீக்கிரம் சாகும், லேசானது நீடித்து வாழும் என்பது வானியலின் அரிச்சுவடி. சிரியஸ் ஏ-யும் பி-யும் ஒரே வாயு மேகத்தில் ஒரே காலத்தில் பிறந்தவை. அப்படியிருக்க, 2 சூரிய நிறை கொண்டது திடமாக இருக்கிறது, 1 சூரிய நிறை கொண்டது செத்துக் கிடக்கிறது. விதி தப்பா?

முதலில், இந்த எடைகளை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கலாம். தராசு தேவையில்லை, கெப்ளர் விதி போதும். இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையிலான சராசரித் தொலைவை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை 1 என்று வைத்து அளக்க வேண்டும். சிரியஸுக்கு அது 19.8. ஒன்றையொன்று சுற்றிவர ஆகும் காலம் 50.1 ஆண்டு. முதல் எண்ணின் மும்மடியை (19.8 × 19.8 × 19.8) இரண்டாம் எண்ணின் இருமடியால் (50.1 × 50.1) வகுத்தால், 7762-ஐ 2510-ஆல் வகுத்தது போல, 3.09 வரும். இரண்டின் மொத்த நிறை சுமார் 3.1 சூரியன். பொது மையத்திலிருந்து எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துப் பங்கு பிரித்தால் ஏ-வுக்கு 2.06, பி-க்கு 1.02. நட்சத்திரங்களின் நிறை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இப்படி இரட்டை நட்சத்திரங்களிடமிருந்து வந்ததுதான். தனியாக நிற்கும் நட்சத்திரத்தை நேரடியாக எடைபோடுவது கடினம்.

இப்படிச் சேர்ந்த எடைகளை ஒளியோடு ஒப்பிட்டு, 1924-இல் பிரிட்டிஷ் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஓர் உறவைக் காட்டினார். நிறை கூடக்கூட ஒளி அதே விகிதத்தில் கூடவில்லை, பல அடுக்காகப் பாய்ந்து ஏறியது. இன்றைய சராசரிக் கணக்கில், ஒளி நிறையின் சுமார் மூன்றரை அடுக்காக ஏறுகிறது. 10 மடங்கு நிறை என்றால் 3000 மடங்குக்கு மேல் ஒளி. இது எல்லாவற்றையும் ஒரே கோட்டில் பொருத்தும் சராசரி என்பதை மறக்கக் கூடாது. சிரியஸ் ஏ-யை இதில் போட்டால் 13 அளவில் விடை வரும். சூரியனையொட்டிய நிறைகளுக்கு மட்டும் பொருந்தும் நான்காம் அடுக்கில் போட்டால் 18. உண்மை அளவோ 25. வயதும் உட்கலவையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மாறுவதால் இத்தனை விலகல் சகஜம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: 'பெரிய நட்சத்திரம் எரிபொருளை வேகமாக எரிக்கிறது, அதனால் அதிகப் பிரகாசம்.' பள்ளிப் பாடத்திலும் யூடியூபிலும் இதையே கேட்கலாம். என் பார்வையில் இது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறது. எடிங்டன் அந்த உறவை விளக்கியபோது நட்சத்திரம் எதை எரிக்கிறது என்றே யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஹைட்ரஜன் ஹீலியமாகும் வழிகளை இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே விளக்கமாக எழுதியது 1939-இல். எரிபொருள் என்னவென்று தெரியாமலேயே எவ்வளவு ஒளி வரும் என்று கணக்கிட முடிந்திருக்கிறது என்றால், ஒளியைத் தீர்மானிப்பது எரிபொருள் அல்ல.

பின்னே எது? கசிவு. நட்சத்திரம் என்பது தன் ஈர்ப்பால் தானே நசுங்கிக்கொண்டிருக்கும் வாயுப் பந்து. அந்த நசுக்கலைத் தாங்கி நிற்க உள்ளே அழுத்தம் வேண்டும், அழுத்தத்துக்குச் சூடு வேண்டும். ஆகவே மையம் இவ்வளவு சூடாக இருந்தே தீர வேண்டும் என்பதை ஈர்ப்புதான் விதிக்கிறது. சூரியனுக்கு அது ஒன்றரைக் கோடி டிகிரிக்குச் சற்று மேல். சூடான மையத்தைச் சுற்றி மேலடுக்குகள் கனத்த கம்பளி போல மூடியிருக்கின்றன. உள்ளே பிறக்கும் ஒளி கொஞ்ச தூரம் போவதற்குள் எதிலாவது மோதித் திரும்புகிறது, மறுபடி மோதுகிறது. மேற்பரப்பை எட்டப் பல பத்தாயிரம் ஆண்டுகளாவது ஆகும். நாம் பார்க்கும் பிரகாசம் என்பது இந்தக் கம்பளி வழியே ஒழுகி வருவது மட்டுமே.

ஒழுக்கு எவ்வளவு என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு. நட்சத்திரத்தின் ஆரத்தை மாற்றாமல் நிறையை மட்டும் இரு மடங்காக்குவோம். நசுக்கல் கூடுவதால் மைய வெப்பநிலை இரு மடங்காகும். உள்ளே ஒளியாக அடைபட்டிருக்கும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் அது 16 மடங்கு. அதே இடத்தில் இரு மடங்கு பொருள் நெருக்கியடித்து நிற்பதால், ஒளி வெளியேற ஆகும் காலமும் இரு மடங்கு. 16-ஐ 2-ஆல் வகுத்தால் 8. நிறை 2 மடங்கானால் ஒளி 8 மடங்கு, அதாவது மும்மடி.

இப்போது நிறையைத் தொடாமல் ஆரத்தை இரு மடங்காக்குவோம். வெப்பநிலை பாதியாகும். ஒரு கன மீட்டரில் இருக்கும் ஒளியாற்றல் பதினாறில் ஒரு பங்காகும். ஆனால் கன அளவு 8 மடங்கு என்பதால் மொத்த இருப்பு பாதி. பொருளின் நெருக்கம் எட்டில் ஒன்றாகிறது, கடக்க வேண்டிய தூரம் இரு மடங்காகிறது. மோதி மோதிப் போகும் பயணத்தில் தூரத்தின் இருமடிதான் கணக்கில் வரும் என்பதால், வெளியேறும் காலம் எட்டில் நான்கு, அதாவது பாதி. பாதி இருப்பு பாதி நேரத்தில் ஒழுகினால் ஒழுக்கின் வேகம் பழையபடியே இருக்கும். ஆரம் அடிபட்டுப் போய்விட்டது. நட்சத்திரம் உப்பியிருந்தாலும் சுருங்கியிருந்தாலும் ஒளியைப் பெரும்பாலும் நிறையே முடிவு செய்கிறது என்பதன் கணக்கு இவ்வளவுதான். வாயுவின் ஒளிபுகாத் தன்மை வெப்பநிலைக்கு ஏற்ப மாறுவது, உள்ளே வாயு கொதித்துப் புரள்வது போன்ற சங்கதிகளால்தான் மூன்று என்பது நடைமுறையில் மூன்றரை, நான்கு என்று மாறுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். அணுக்கரு இணைவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சூரியன் ஏறக்குறைய இதே அளவு ஒளிர்ந்திருக்கும். ஒழுகும் சூட்டை ஈடுகட்ட மெல்லச் சுருங்கும், சுருங்குவதால் சூடு பிறக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் கெல்வினும் இப்படித்தான் சூரியன் ஒளிர்கிறது என்று நம்பினார்கள். ஆனால் அந்தக் கணக்கில் சூரியனுக்கு இரண்டு மூன்று கோடி ஆண்டுதான் ஆயுள் கிடைத்தது. பாறைகளின் வயதைப் படித்த நிலவியலாளர்களும் பரிணாமத்துக்கு நெடுங்காலம் கேட்ட டார்வினும் அதை ஏற்க முடியாமல் திண்டாடினார்கள். கெல்வின் கணக்கில் பிரகாசம் தப்பவில்லை, ஆயுள்தான் தப்பியது. இணைவு செய்யும் வேலை அந்த ஆயுளை நீட்டுவது.

அதுவும் தானே சரிசெய்துகொள்ளும் வேலை. ஒழுகுவதைவிட உற்பத்தி குறைந்தால் மையம் சற்றுச் சுருங்கிச் சூடேறும், இணைவு வேகமெடுக்கும். மிஞ்சினால் மையம் விரிந்து தணியும். சூரியனில் ஹைட்ரஜன் கருக்கள் நேரடியாக ஒன்றோடொன்று சேரும் புரோட்டான் சங்கிலி, வெப்பநிலையின் சுமார் நான்காம் அடுக்கில் வேகம் கூடும். சூரியனைவிடச் சற்றே கனமான நட்சத்திரங்களில் கார்பனையும் நைட்ரஜனையும் இடையாளாக வைத்து நடக்கும் இன்னொரு சுழற்சி முன்னே வருகிறது. அது பதினாறாம் அடுக்கையும் தாண்டும். அதனால்தான் 10 சூரிய நிறை கொண்ட நட்சத்திரம் ஆயிரக்கணக்கான மடங்கு ஒளியை உமிழ்ந்தும் அதன் மையம் சூரியனைவிட இரண்டு மடங்குதான் சூடாக இருக்கிறது. சூரியன் எரிக்கும் வேகத்தைக் கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் என்பது மலைப்பான எண்தான். ஆனால் மொத்த நிறையில் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சூரியனைவிடப் பல ஆயிரம் மடங்கு வெப்பம் தருகிறது. அவ்வளவு சோம்பேறித்தனமாக எரிவதால்தான் சூரியனுக்கு ஆயிரம் கோடி ஆண்டு கிடைத்திருக்கிறது. அதில் 460 கோடி முடிந்துவிட்டது.

இனி ஆயுள் கணக்கு எளிது. கையிருப்பு நிறையைப் பொறுத்தது, செலவு நிறையின் மூன்றரை அடுக்கு. வகுத்தால் ஆயுள், நிறையின் இரண்டரை அடுக்குக்குத் தலைகீழ். 10 சூரிய நிறை என்றால் ஆயுள் முந்நூறில் ஒரு பங்கு, சுமார் 3 கோடி ஆண்டு என்று சூத்திரம் சொல்கிறது. விரிவான கணினி மாதிரிகள் இன்னும் குறைத்து, 2 கோடி ஆண்டுகளையொட்டிச் சொல்கின்றன. சிரியஸ் ஏ-வுக்குச் சுமார் 100 கோடி.

இப்போது சிரியஸ் பி-யின் வழக்கைத் தீர்க்கலாம். அது பிறந்தபோது 1 சூரிய நிறையுடன் பிறக்கவில்லை. இன்றைய மதிப்பீட்டின்படி 5 சூரிய நிறைக்கு மேல் இருந்தது. அந்த இரட்டையில் அன்று கனமானது அதுதான், சிரியஸ் ஏ-யைப் பல மடங்கு மிஞ்சும் பிரகாசமும் அதற்குத்தான். 10 கோடி ஆண்டளவில் மைய ஹைட்ரஜனைத் தீர்த்து, சிவப்பு அரக்கனாக உப்பி, மேலடுக்குகளையெல்லாம் வெளியே ஊதித் தள்ளியது. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. மிஞ்சிய கருதான் இன்று நாம் எடைபோடும் 1.02. நாம் பார்த்தது கடைசி எடையை; ஆயுளை நிர்ணயித்தது பிறப்பு எடை. விதியில் தப்பில்லை.

இந்த இணையின் வயது 25 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவு என்கிறார்கள். பூமியில் முதல் டைனோசர்கள் தலைகாட்டிய காலம் ஏறக்குறைய அதுதான். பூமியின் வயது இதைப் போல் இருபது மடங்கு. வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம் நம் காலடி மண்ணைவிட இளையது என்பது கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்தில் இவ்வளவு பிரகாசமானவை இளையவையாகத்தான் இருக்க முடியும். முதியவை என்றால் இந்நேரம் தீர்ந்திருக்கும்.

வெண்குள்ளன் பற்றிப் பேசும்போது சந்திரசேகரைத் தாண்டிப் போக முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும் வழியில், வெண்குள்ளனின் நிறைக்கு உச்சவரம்பு உண்டு என்ற கணக்கைத் தொடங்கினார். அந்த வரம்பு சுமார் 1.4 சூரிய நிறை. அதற்கு மேல் போனால் வெண்குள்ளனை நசுங்காமல் நிறுத்தும் எலெக்ட்ரான்களின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்காது, கரு இடிந்து விழும். 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அதைப் பகிரங்கமாகக் கேலி செய்தவர் வேறு யாருமில்லை, நிறைக்கும் ஒளிக்கும் முடிச்சுப் போட்ட அதே எடிங்டன். நட்சத்திரத்தின் வாழ்வை நிறை ஆள்கிறது என்று காட்டியவருக்கு, சாவையும் நிறையே ஆள்கிறது என்பது ஏனோ ஜீரணமாகவில்லை. சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-இல். சுமார் 8 சூரிய நிறைக்கு மேல் பிறந்தவை வெண்குள்ளனாகாமல் சூப்பர்நோவாவாக வெடித்து நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ முடியும் என்ற இன்றைய பாடம் அந்த வரம்பிலிருந்துதான் தொடங்குகிறது. திருவாதிரை நட்சத்திரம் அந்த வரிசையில் நிற்பது. பிறந்து ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது, அதற்குள் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது.

எதிர்முனையில் செங்குள்ளன்கள், அதாவது லேசான, மங்கிய, சிவந்த நட்சத்திரங்கள். சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்ஸிமா சென்டாரி சூரிய நிறையில் எட்டில் ஒரு பங்குதான். ஒளி சுமார் அறுநூறில் ஒரு பங்கு. இத்தனை பக்கத்தில் இருந்தும் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. இவற்றுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. சூரியன் மையத்திலுள்ள பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்தும், மேலே இருப்பது கீழே இறங்காது. சூரிய நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நட்சத்திரங்களோ அடி முதல் நுனி வரை புரண்டு கலப்பதால் முழு ஹைட்ரஜனையும் மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். பிராக்ஸிமாவுக்கு நான்கு லட்சம் கோடி ஆண்டு அளவில் ஆயுள் மதிப்பிடுகிறார்கள். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான். ஆக, தன் இயல்பில் முதுமையடைந்து செத்த செங்குள்ளன் ஒன்றுகூட இதுவரை இல்லை. நம் பால்வீதி மண்டலத்து நட்சத்திரங்களில் முக்கால்வாசி இவைதான். வெறும் கண்ணால் பார்க்கக் கிடைப்பது ஒன்றுமில்லை. இரவில் நாம் காண்பது செலவாளிகளை மட்டும்.

மிகக் கனமானவற்றில் இந்த அடுக்குக் கணக்கு தளர்கிறது. 50, 60 சூரிய நிறையைத் தாண்டினால் ஒளியின் அழுத்தமே நட்சத்திரத்தைத் தாங்குவதில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கிறது. அங்கே ஒளி ஏறக்குறைய நிறையின் விகிதத்திலேயே கூடும். கையிருப்பும் செலவும் ஒன்றாக ஏறுவதால் ஆயுள் சுமார் 20, 30 லட்சம் ஆண்டுக்குக் கீழே இறங்குவதில்லை. பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் ஆர்136ஏ1 என்ற நட்சத்திரம் சுமார் 200 சூரிய நிறை என்று மதிப்பிடப்படுகிறது. அதற்கும் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் பருவத்துக்கு. அது முடிந்து உப்பியவற்றிடம் இந்த விதியைக் கொண்டுபோகக் கூடாது. ரோகிணியும் சுவாதியும் சூரியனைவிடக் கொஞ்சமே கனமானவை. ஆனால் சுவாதி சூரியனைப் போல் சுமார் 170 மடங்கும், ரோகிணி 400 மடங்குக்கு மேலும் ஒளிர்கின்றன. சூரியனுக்கும் பிற்காலத்தில் அந்தக் கதிதான்.

இந்த விதியின் பெரிய பயன் வயது பார்ப்பதில் இருக்கிறது. ஒரு நட்சத்திரக் கொத்தில் எல்லாமே ஒன்றாகப் பிறந்தவை என்றால், கனமானவை முதலில் விடைபெறும், பிறகு அடுத்தவை, பிறகு அதற்கடுத்தவை. இன்னும் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருப்பதில் எது மிகக் கனமானது என்று பார்த்து அதன் ஆயுளைக் கணக்கிட்டால், கொத்தின் வயது கிடைத்துவிடும். கார்த்திகைக் கொத்தில் நீல நிற நட்சத்திரங்கள் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன, ஆகவே வயது பத்துப் பன்னிரண்டு கோடி ஆண்டு. அதற்கு அருகே ரோகிணியைச் சுற்றிக் கவிழ்ந்த 'வி' வடிவில் தெரியும் ஹையடீஸ் கொத்தில் அந்த நீலங்கள் போய்விட்டன. வயது 60, 70 கோடி. ரோகிணி அந்தக் கொத்தைச் சேர்ந்ததல்ல, நடுவழியில் குறுக்கே நிற்பது. ஆகவே அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

விருச்சிகத்தில் கேட்டை நட்சத்திரத்தைப் பைனாகுலரில் பிடித்தால், அதற்குச் சற்று மேற்கே பஞ்சுப் பொட்டாக ஒரு கொத்து தெரியும். எம்4 என்று பெயர். கேட்டை பத்து சூரிய நிறையைத் தாண்டிய சிவப்புப் பேரரக்கன், வயது ஒன்றிரண்டு கோடிக்கு மேல் இருக்காது, முடிவும் நெருங்கிவிட்டது. எம்4-இன் வயது 1200 கோடி. அங்கே இன்னும் ஹைட்ரஜனை எரிப்பவற்றில் மிகக் கனமானதே சூரிய நிறையில் ஐந்தில் நான்கு பங்குதான். அதைவிடக் கனமாகப் பிறந்தவை வெண்குள்ளன்களாகவோ அதற்கப்பாலோ போய்ச் சேர்ந்துவிட்டன. ஹப்பிள் தொலைநோக்கி அங்கே ஆறிக்கிடக்கும் வெண்குள்ளன்களைத் தேடிப் பிடித்திருக்கிறது. அவை எவ்வளவு ஆறியிருக்கின்றன என்பதை வைத்துத் தனியாகப் போட்ட வயதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆனால் இத்தகைய கிழட்டுக் கொத்துகளில் இருக்கவே கூடாத சில நட்சத்திரங்கள் இருக்கின்றன. 1953-இல் எம்3 என்ற கொத்தை ஆராய்ந்த அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ், எப்போதோ தீர்ந்துபோயிருக்க வேண்டிய நிறையுடன் நீலமாக, பிரகாசமாக ஒளிரும் சிலவற்றைக் கண்டார். இவை தாமதமாகப் பிறந்தவையா என்றால், புது நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயு அந்தக் கொத்துகளில் மிச்சமில்லை. இன்று ஏற்கப்படும் விடை, இவை பிறகு எடை கூடியவை என்பது. நெருக்கமான இரட்டையில் ஒன்று உப்பும்போது அதன் பொருளைத் துணை உறிஞ்சிக்கொள்கிறது. அல்லது இரண்டும் மோதி ஒன்றாகின்றன. நிறை கூடிய கணத்திலிருந்து அவற்றின் ஒளியும் கூடியது, செலவும் கூடியது. சிரியஸ் ஏ-யும் தன் துணை ஊதித் தள்ளியதில் கொஞ்சத்தை வாங்கியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. அதன் மேற்பரப்பில் உலோகங்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.